மாடிப்படிக்கு அடியில் நான்கு டின்கள்

லிப்னிக்
14 அக்டோபர் 1894

அன்புள்ள ரொசாலியா அக்காவுக்கு,

சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். வியன்னாக் குளிர் உன் மார்ச்சளியை மறுபடி கிளப்பிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அம்மாவின் கல்லறையில் களை பிடுங்கி, செவ்வந்தி வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் வண்டிப்பட்டறை முதலாளி ப்ரோகோப் கடைசியில் மசிந்துவிட்டார். குதிரை இல்லாமல் தானே ஓடும் வண்டி கட்டுவதற்குப் பின்கட்டுக் கொட்டகையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார். "ஜூன் பாதிக்குள்ள அது ஹ்ரானிட்சே ஊரு வரைக்கும் ஓடணும். ஓடலேன்னா அதையும் தூக்கி வெளிய போட்டுடுவேன், ஒன்னையும் போட்டுடுவேன். அதுக்குத் தீனி ஒன் பாடு, எங்கிட்ட வந்து நிக்காதே" என்றார். அவருடைய தங்கை மகன் எமில் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா, இவனத் தூக்கிப் போடறது லேசு, அந்த இரும்பத் தூக்கத்தான் ஆள் வேணும்" என்று பல்லைக் காட்டினான். அந்தச் சிரிப்பை அவன் வாயிலேயே திணிக்க வேண்டும் அக்கா. முப்பத்திரண்டு வயதாகிறது எனக்கு. இன்னும் அடுத்தவன் வண்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறேன். இது தவறினால் எனக்கு வேறு கதி கிடையாது.

எஞ்சினுக்குத் தீனி பென்சின். பெட்ரோலியத்திலிருந்து வடிப்பது, துணியில் கறை போக்க மருந்துக்கடையில் சின்னச் சீசாவில் விற்பார்களே, அதுதான். அதன் ஆவி உருளைக்குள் போய் வெடித்துத் தண்டைத் தள்ளுகிறது. போன வாரம் என் இடது புருவமும் பாதி மீசையும் கருகிவிட்டன. அன்றிலிருந்து மருந்துக்கடைக்காரர், "ஊரையே கொளுத்தப் பாக்கறியா?" என்று சொல்லி ஒரு சீசாகூடத் தர மறுக்கிறார்.

உன் கையுறைச் சலவைக்கடையில் பென்சினில்தானே அலசுகிறீர்கள்? அழுக்கேறியதும் கொட்டிவிடுவோம் என்று நீ சொன்னதாக ஞாபகம். அந்தக் கழிவு எனக்கு வேண்டும். வாத்து வியாபாரி மாதோஷ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலில் வியன்னா வருகிறார். அவரிடம் கொடுத்துவிட்டால் போதும்.

உன் தம்பி
சிரில்


வியன்னா
11 நவம்பர் 1894

அன்புத் தம்பி சிரிலுக்கு,

அக்கா ஆசீர்வாதம். எனக்குச் சளி இல்லை. உன் புருவத்தை நினைத்துத்தான் தூக்கம் போயிற்று. கண் தப்பியதே, அந்த மட்டும் கர்த்தருக்குத் தோத்திரம்.

மாதோஷிடம் இரண்டு தகர டின்கள் கொடுத்திருக்கிறேன். கூண்டுகளுக்கு நடுவே செருகிக்கொண்டார். "என் வாத்தெல்லாம் இந்த நாத்தத்துல செத்துப்போனா ஒந்தம்பிதான் திங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது நாங்கள் கொட்டுகிற கழிவுதான், எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். மாடியறையில் நாங்கள் ஒன்பது பெண்கள். ஆளுக்கொரு பீங்கான் தொட்டி. சீமாட்டிகளின் வெள்ளாட்டுத்தோல் கையுறைகளைப் பென்சினில் அலசி, துணியால் தேய்த்து, மரக்கைகளில் மாட்டிக் காயவைக்கிறோம். மாலையில் பார்த்தால் அறை முழுக்க வெள்ளைக் கைகள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அறைக்குள் விளக்கு கூடாது, அடுப்பு கூடாது. அதனால் குளிர் விறைக்கும்.

பக்கத்துத் தொட்டியில் ஆனெஷ்கா என்று ஒரு பெண். நம் மொராவியாதான், மலைப்பக்கம். இருபத்தாறு வயது, வாய் மட்டும் அறுபது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பாதி மீச போச்சா? மீதிப் பாதியையும் எடுக்கச் சொல்லுங்க அக்கா, ஒத்தப் பக்கம் மீசையோட எந்தப் பொண்ணு பாப்பா? அப்புறம் இன்னொண்ணும் கேளுங்க, அந்த வண்டி முட்டைக்கோசு திங்குமா? எங்கம்மா நெறைய வச்சிருக்கா" என்றாள். அறையே சிரித்தது. முதலாளியம்மா வந்து எட்டிப் பார்த்த பிறகுதான் அடங்கினோம்.

நெருப்போடு பழகுகிறாய், நிதானமாக இரு.

உன் அக்கா
ரொசாலியா


லிப்னிக்
9 டிசம்பர் 1894

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் உடம்பால் சுகம், மனத்தால் இல்லை.

நீ அனுப்பிய பென்சினில் எஞ்சின் நான்கு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. அதில் சீமாட்டிகளின் கைக்கொழுப்பும் தோல்சாயமும் கலந்திருக்கிறது. ஆவியாக வேண்டியது ஆவியாகாமல் அடியில் பிசினாகத் தங்குகிறது. மூன்று வாரமாக உருளையைக் கழற்றித் துடைப்பதுதான் வேலை. நேற்று எமில் கொட்டகைக்குள் வந்து மோந்து பார்த்தான். "என்னய்யா, எஞ்சினா, இல்ல எங்க அத்தையோட கைப்பெட்டியா?" என்றான். முதலாளி சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் பயமாக இருந்தது.

சுத்தமான பென்சின் வேண்டும் அக்கா. ஒருமுறையும் உபயோகிக்காதது. கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். உங்கள் கடைக்குப் பீப்பாய் பீப்பாயாக வருகிறதல்லவா, இரண்டு டின் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனெஷ்காவிடம் சொல்: மீசையை முழுசாக எடுத்துவிட்டேன். வண்டி முட்டைக்கோசு தின்னாது, ஆனால் வண்டிக்காரன் தின்பான்.

சிரில்


வியன்னா
13 ஜனவரி 1895

அன்புத் தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடி விடியட்டும். நான் நலமே. நடன விருந்துக் காலம் தொடங்கிவிட்டது. தினமும் நானூறு ஜோடி கையுறை வருகிறது, நகக்கண்ணெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

இந்த முறை மாதோஷ் கொண்டுவருவது சுத்தமானது. நான் எட்டு வருஷமாக இந்தக் கடையில் ஒரு ஊசிகூட எடுத்ததில்லை. அதற்குமேல் எதுவும் கேட்காதே.

ஆனால் ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பீப்பாயிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆனெஷ்கா நின்றிருந்தாள். அவளோ, "அய்யோ அக்கா, இப்படியா ஊத்துவாங்க, பாதி தரையில போகுது" என்று சொல்லிவிட்டுப் புனலைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மீசையில்லாத ஆளுக்குத்தானே? நல்லா ஓடட்டும். நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் ஒண்ணு பண்ணான்னு இருக்கட்டுமே" என்றாள். டின் வாயை மூடத் துணியில்லாமல் தன் ஏப்ரனிலிருந்தே கிழித்துக் கட்டினாள்.

மாதோஷ் வரும்வரை டின்களை மாடிப்படிக்கு அடியில் விறகுக்குப் பின்னால் வைக்கிறோம். அந்தப் படி ஒன்றுதான் எங்களுக்கு வழி, அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் எனக்கு அந்த நினைப்புத்தான். போதும் என்று சீக்கிரம் சொல்லிவிடு தம்பி.

ரொசாலியா


லிப்னிக்
10 பிப்ரவரி 1895

அக்கா, என் அக்கா,

ஓடிவிட்டது!

சுகம் விசாரிக்கக்கூடக் கை நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, பட்டறை முற்றத்தில், பனிமேல் நாற்பது அடி தூரம். குதிரை இல்லை, தள்ள ஆள் இல்லை. நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன், அது என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது! சுவரில் போய் முட்டியது, முன்சக்கரம் வளைந்தது. முதலாளி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அட பாவி, அட பாவி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எமில் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இனி தினமும் ஓட்டிப் பழக்க வேண்டும். இரண்டு டின்னெல்லாம் எந்த மூலைக்கு? விருந்துக் காலம் முடிந்தால் உங்கள் கடைக்குப் பீப்பாய் வருவது குறைந்துவிடுமல்லவா? அதனால் தவக்காலத்துக்கு முன்பே நான்கு டின் சேர்த்துவை. மாதோஷ் இருபத்திரண்டாம் தேதி வருவார். நான்கு, அக்கா. மூன்று என்றால் போதாது. இதற்குமேல் கேட்கமாட்டேன்.

ஆனெஷ்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். முதன்முதலில் ஓடிய நாற்பது அடியில் இருபது அவளுடையது என்று சொல். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாமா என்றும் கேட்டுச் சொல்.

சிரில்


லிப்னிக்
17 மார்ச் 1895

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதி ஐந்து வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மாதோஷ் இரண்டு நடையும் வெறுங்கையோடு வந்தார். கடை பலகை அடித்துப் பூட்டிக் கிடக்கிறது, பக்கத்துக் கதவைத் தட்டினால் சரியாகப் பதில் சொல்பவர் இல்லை என்கிறார். தவக்காலத்தில் கடையைச் சாத்திவிட்டார்களோ? அப்படியானால் டின்கள் எங்கே?

வண்டி பசியோடு நிற்கிறது. ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு விரல் போவது போல இருக்கிறது. என்மேல் கோபமென்றால் திட்டியாவது ஒரு கடிதம் போடு. ஆனெஷ்கா என்ன சொன்னாள்?

சிரில்


வியன்னா
25 மார்ச் 1895

தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். கடையில் சின்னத் தீ விபத்து. கையில் கொஞ்சம் சுட்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் இருந்து வந்தேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. கடை இனித் திறக்காது.

பென்சின் கேட்காதே.

ரொசாலியா


லிப்னிக்
7 ஏப்ரல் 1895

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோணல் எழுத்தைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது. சின்னத் தீயோடு போயிற்றே, சேசுவுக்குத் தோத்திரம். கைக்கு வாத்துக்கொழுப்பு தடவு, மாதோஷிடம் ஒரு சாடி கொடுத்திருக்கிறேன். வேலை போனதைப் பற்றிக் கவலைப்படாதே. வண்டி விற்கத் தொடங்கினால் நீ லிப்னிக்குக்கே வந்துவிடலாம்.

பென்சினுக்கும் இனிக் கவலையில்லை. வேறு வழியே இல்லாமல் வெட்கத்தை விட்டு முதலாளியிடம் போய்க் கேட்டேன். "இதுக்கா இத்தனை நாள் முழிச்சே?" என்று சொல்லி ப்ரெரோவில் ஒரு வியாபாரிக்கு இரண்டு வரி எழுதிப் போட்டார். நான்காம் நாள் ஒரு முழுப் பீப்பாய் வந்து இறங்கியது. அவரிடம் முன்னமே கேட்டிருக்கலாம். என் ரோஷம் விடவில்லை.

வண்டி இப்போது ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்புகிறது. ஜூன் 16 ஞாயிறு, ஹ்ரானிட்சே வரை வெள்ளோட்டம். ஜில்லா அதிகாரிகளையெல்லாம் முதலாளி கூப்பிட்டிருக்கிறார். நீ வந்தே ஆக வேண்டும், ஆனெஷ்காவையும் கூட்டிக்கொண்டு வா. அவளைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே, நான் கடிதம் எழுதலாமா என்று கேட்டது பிடிக்கவில்லையா? பிடிக்காவிட்டால் பரவாயில்லை என்று சொல். என் அவசரப்புத்தி.

சிரில்


வியன்னா
28 ஏப்ரல் 1895

சிரில்,

நீ சுகமாக இருப்பாய். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. அதைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன், இரண்டு வரியில் ஒரு பீப்பாய் வந்து இறங்கிய இடத்தில் நின்றுவிடுகிறேன்.

ஆனெஷ்கா செத்துப்போய்விட்டாள். பிப்ரவரி 21, வியாழக்கிழமை.

தீ செவ்வாயன்று பிடித்தது, முற்பகலில். வறண்ட குளிரில் தோலைத் துணியால் தேய்க்கும்போது சில சமயம் பொறி பறக்கும். ஜன்னலோரத் தொட்டி ஒன்று குப்பென்று பற்றியது. அலறியடித்து எழுந்ததில் இன்னொரு தொட்டி கவிழ்ந்து, எரியும் பென்சின் தரையில் ஓடிப் படிப்பக்கம் போயிற்று. எல்லோரும் படியை நோக்கி ஓடினோம். ஆனெஷ்கா என் கையைப் பிடித்து, "அக்கா, டின்னு! கீழ டின்னு இருக்கு!" என்றாள். அவள் எங்களைத் தள்ளிக்கொண்டு முதலில் இறங்கினாள்.

ஒவ்வொரு டின்னாக முற்றத்துக்கு இழுத்துப்போட்டாள். மூன்றை வெளியே கொண்டுபோனாள். நான்காவதற்கு உள்ளே வந்தாள். படியின் இடுக்கு வழியாக நெருப்பு அதன்மேல் சொட்டியது, டின்னோடு அவளும் பற்றிக்கொண்டாள். புகையில் தடவித் தடவி அதற்குள் நாங்கள் பாதிப்படிதான் இறங்கியிருந்தோம். நான்கும் உள்ளே இருந்திருந்தால் எட்டுப் பேரில் ஒருத்திகூட மிஞ்சியிருக்கமாட்டோம். நான் அவள் பாவாடையைப் பிடித்து வெளியே இழுத்தேன். என் கை சுட்டது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள், பேச்சு வரவில்லை. விசாரணை அதிகாரி என் கட்டிலுக்கு வந்தார். "அந்த டின்னெல்லாம் யாரோடதும்மா?" என்று கேட்டார். மூன்று கட்டில் தள்ளி அவள் கிடக்கிறாள். நான், "தெரியாதுங்க" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையால் எல்லாம் அவள் தலையில் விழுந்தது. முற்றத்தில் மூன்று டின்கள் வரிசையாக நின்றன. டின் வாயில் அவள் ஏப்ரன் துணி. மற்றவர்கள் உயிருக்கு ஓடும்போது இவள் திருட்டுச் சரக்கைக் காப்பாற்றப் போனாள் என்று எழுதிவிட்டார்கள். பேப்பரில் பேரோடு போட்டுவிட்டார்கள். திருடியின் சவப்பெட்டிக்குப் பின்னால் போகிறவளுக்கு வேறெங்கும் வேலை கிடைக்காதபடி செய்துவிடுவேன் என்று முதலாளியம்மா சொன்னாள். ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நானும் போகவில்லை. ஒருத்திதான் போனாளாம்.

அவள் தாய் மலையில், யாவோர்நிக் கிராமத்தில் இருக்கிறாள். விதவை, ஐந்தாறு ஆடு வைத்திருக்கிறாள். பேப்பர் அந்த ஊருக்கும் போயிருக்கிறது. "திருடியைப் பெத்தவ" என்று அவள் கொண்டுவரும் பாலை வாங்க மறுக்கிறார்களாம். அவள் யாரையோ விட்டு எழுதச் சொன்ன கடிதம் ஒன்று கடைப்பெண்கள் பேருக்கு வந்தது. ஒரே கேள்விதான்: "எம்பொண்ணு அப்படிச் செஞ்சாளா?"

இரண்டு மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. போய்ச் சொல்லப்போகிறேன்.

உன் கொழுப்புச் சாடி வந்தது. விரல்கள் மடங்கவில்லை, ஆனால் எழுத வருகிறது.

ரொசாலியா


லிப்னிக்
3 மே 1895

அக்கா,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. நான்கு வேண்டும், மூன்று போதாது என்று எழுதியவன் நான்.

ஆனாலும் உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஜூன் 16 வரை பொறு. ஆறு வாரம்தான். நீ இப்போது சொன்னால் யாருக்காக எடுத்தாய் என்று கேட்பார்கள். போலீஸ் இங்கே வரும், வண்டியைப் பிடித்துக்கொண்டு போகும். முதலாளி என்னைத் தலைமுழுகிவிடுவார், வண்டி எமில் கைக்குப் போய்விடும். என் வாழ்க்கையில் நான் செய்தது இந்த ஒன்றுதான். அவள் எப்படியும் திரும்பி வரப்போவதில்லை. ஆறு வாரத்தில் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? வெள்ளோட்டம் முடிந்த மறுநாள் நானே உன்னோடு வருகிறேன், சத்தியம்.

என் கடிதங்களை எரித்துவிடு.

சிரில்


வியன்னா
12 மே 1895

தம்பிக்கு,

நலம்.

உன் கடிதம் வந்த மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன். யாருக்கு என்று கேட்டார்கள். தெருவில் வந்த ஒருவனுக்கு விற்றேன், பேர் தெரியாது என்றேன். மாதோஷ் பேரையும் சொல்லவில்லை. போலீஸ் உன் பக்கம் வராது. ஜூன் 11 வழக்கு. நீ வர வேண்டாம்.

உன் கடிதங்களை எரித்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. கடைசிக் கடிதத்தை வேறொருவர் படித்து, என் தம்பி இப்படி எழுதினான் என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

ரொசாலியா


மெஸிரீச்சி
22 செப்டம்பர் 1895

என் அக்காவுக்கு,

சிறையில் கடிதம் தருவார்களா, உன் கையால் பிரிக்க முடியுமா, எதுவும் தெரியாமல் எழுதுகிறேன். உன் கை எப்படி இருக்கிறது? மார்ச்சளி வந்ததா? எட்டு மாதம் என்று தீர்ப்பான செய்தியை மாதோஷ்தான் வந்து சொன்னார். அன்று ஜூன் 13. நான் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து போட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது.

ஜூன் 16 வண்டி ஓடியது. ஊரே கூடிவிட்டது. பதிமூன்று கிலோமீட்டர் போக வேண்டியது, பதினோராவதில் தோல்பட்டை அறுந்தது. இரண்டு குதிரையைக் கட்டி ஹ்ரானிட்சேவுக்குள் இழுத்துப்போனார்கள். ஆனாலும் அதிகாரிகள் கைதட்டினார்கள். என் கழுத்தில் மாலை போட்டார்கள். "இன்னைலேருந்து ஒனக்கு வேற சம்பளம்டா" என்று முதலாளி கத்தினார். ஓடும்போது எனக்கு ஒரே நினைப்பு: இந்தச் சத்தம் நிற்கக் கூடாது, நின்றால் நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

மறுநாள் வியன்னாவுக்கு ரயிலேறினேன். கோர்ட்டில் போய், கேட்டவன் நான்தான் என்றேன். குமாஸ்தா, "அந்தக் கேசு முடிஞ்சு ஆறு நாளாச்சே, இத்தனை நாள் எங்கய்யா இருந்தே?" என்று கேட்டார். நீ எனக்கு எழுதிய கடிதங்களைக் கொடுத்தேன், நான் எரிக்கவில்லை. ஆனெஷ்கா புனல் பிடித்தது அதில் இருக்கிறது. ஆனால் டின் யாருடையது, யாருக்காக, கடைசியில் அவள் ஏன் அதை இழுத்தாள் என்பதும் இருக்கிறது. எழுதிக்கொண்டார்கள். எனக்கு மூன்று வாரம் சிறை. உன்னைப் பார்க்க விடவில்லை. வெளியே வந்தபோது வேலை போயிருந்தது. வண்டியில் எமில் பேரைப் பித்தளையில் பொறித்துவிட்டார்கள். பட்டறை வாசலில் நின்று பார்த்தேன். வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. இப்போது இங்கே மெஸிரீச்சியில் செங்கல் சூளையில் வேலை.

போன சனிக்கிழமை யாவோர்நிக்குக்கு நடந்து போனேன். ஆனெஷ்காவின் தாய் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். குள்ளமான மனுஷி. நான் யார் என்று சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒருதரம்கூட நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும், "அப்ப எட்டுப் பேரு உசிரோட இருக்காளுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"ஒருத்திகூட வந்து சொல்லலியே."

பிறகு தொழுவத்தைக் காட்டினாள். "இங்க படு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நின்னு, எங்கிட்ட சொன்னத அப்படியே ஊருக்குச் சொல்லு. ஒரு வார்த்த கொறைச்சே, கல்ல எடுத்து நானே அடிப்பேன்."

சொன்னேன் அக்கா. பின்னால் இருந்த ஒரு கிழவர், "கேக்கல, சத்தமா சொல்லு!" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்தக் கடைசிக் கடிதத்தில் நான் எழுதியதையும் சொன்னேன். அவள் எப்படியும் திரும்பி வரப்போவதில்லை என்று எழுதினேனே, அதை. யாரும் என்னை அடிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பால் வாங்க மறுத்தவள் ஒருத்தி மட்டும் ஆனெஷ்காவின் தாய் கையைப் பிடிக்க வந்தாள். அவள் கையைக் கொடுக்கவில்லை.

நான் கிளம்பும்போது அவள் வேலிவரை வந்தாள்.

"அது ஓடுச்சா?" என்று கேட்டாள்.

"எதும்மா?"

"அந்த வண்டி."

"ஓடுச்சு."

"எவ்வளவு தூரம்?"

"பதினோரு கிலோமீட்டர்."

அவள் கீழே சாலையைப் பார்த்தாள். "மெஸிரீச்சி ஸ்டேஷன்லேருந்து இங்க எவ்வளவு வரும்?"

"பதினாலுன்னு கல்லுல போட்டிருக்கும்மா."

"அப்ப எம்பொண்ண வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டிருக்காது" என்றாள்.

தழையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் போய்விட்டாள். நான் பதினான்கு கிலோமீட்டரும் நடந்து வந்து சேர்ந்தேன்.

பிப்ரவரியில் உன்னை விடுவார்கள். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம், சிறை வாசலுக்கு எதிர்ச்சாரியில் நிற்பேன். போர்வை போதவில்லையென்றால் யாரிடமாவது சொல்லியனுப்பு. கை வலித்தால் பதில் எழுத வேண்டாம்.

உன் தம்பி
சிரில்